அஞ்சலை கேட்ட எழுத்துகள்

கல்லூரி முகாமுக்காகப் பத்து நாள் மரக்காணம் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. உப்பளத்துப் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். விடியலில் உப்பு வாரியவர்கள் வெயில் ஏறியதும் கொட்டகைக்கு வருவார்கள். அங்கேதான் வகுப்பு.

முதல் நாளே அஞ்சலை என்பவர் ஒரு கடிதத்தை நீட்டினார். பம்பாயில் வேலை பார்க்கும் கணவர் எழுதியது.

"மேஸ்திரி படிச்சா அத்தனை பேரும் கேட்டுச் சிரிக்கிறாங்க வாத்தியாரே. நானே படிக்கணும். இதுல இருக்கிற எழுத்த மட்டும் சொல்லிக் குடுங்க."

"அப்படியெல்லாம் தாவக் கூடாதுங்க. அ, ஆவிலேர்ந்துதான் வரணும்" என்றேன்.

"உன் புருஷன் கடைசிப் பாடமாம்டி!" என்று பக்கத்துப் பெண் சீண்டினாள். அஞ்சலையும் சிரித்தார்.

உயிரெழுத்து முடிவதற்குள் முகாம் முடிந்துவிட்டது. "தீபாவளி லீவுல வந்து மிச்சத்தையும் முடிச்சிடறேன்" என்றேன்.

"அப்போ இங்க தண்ணிதான் இருக்கும் வாத்தியாரே" என்றார் அஞ்சலை.

கேலி என்று நினைத்தேன்.

சொன்னபடி போனேன். பாத்தி, வரப்பு எல்லாம் மழைத் தண்ணீருக்குள் கிடந்தன. மழை வந்தால் உப்பு வேலை கிடையாது, எல்லோரும் நடவுக்குப் போய்விடுவார்கள் என்று டீக்கடைக்காரர்தான் சொன்னார். "அஞ்சலையா? பெருமுக்கல் பக்கம் போனதா சொன்னாங்க." அங்கேயும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த கோடையிலும் அவர் உப்பளத்துக்குத் திரும்பவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். முதல் நாள், "உங்களுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். யாராவது மடித்த கடிதம் ஒன்றை நீட்ட மாட்டார்களா என்றிருக்கும்.