மின்ட் கலரில் நாலு தான்

மேட்சிங் சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பச்சையில் எத்தனை பச்சை என்று கடவுளைக் கேட்டால், அவரும் எங்கள் கடை ரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

தங்கசாலையில் விழுந்தது

தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் பன்னிரண்டு வருடம் நின்றேன். போன வருடம், கூட வேலை பார்த்த செல்வியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி மட்டும் விற்கும் சொந்தக் கடை போட்டேன். ஆறே மாதத்தில் திரும்பி வருவேன் என்று முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரக்கெடுக்கச் சென்னை தங்கசாலைத் தெருவுக்குப் போனேன். மின்ட் தெரு என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் காசு அடித்த இடமாம். அங்கேதான் மின்ட் கலரில் மயங்கி விழுந்தேன். பாலில் ஒரு சொட்டுப் பச்சை விட்டதுபோல் வெளிர் நிறம். பழைய கடையில் எத்தனையோ பெண்கள் போனில் இதைக் காட்டிக் கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப் போயிருக்கிறார்கள். அந்த தைரியத்தில் நாலு தான், அதாவது நாலு முழுச் சுருள், வாங்கிவிட்டேன். பிரித்துப் பார்த்த செல்வி தலையில் கை வைத்தாள்.

"யக்கா, நம்மூர்ல அரக்குக் கலரும் மாம்பழக் கலரும்தான் போவும். இத ஆஸ்பத்திரிக்காரங்கதான் வாங்குவாங்க!"

கீரைக் கட்டோடு வந்தவர்

முதல் இரண்டு மாதம் மின்ட் பக்கம் யாரும் திரும்பவில்லை. பிறகு பண்பொழியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு கட்டுப் புதினா. அவர் வீட்டம்மா மின்ட் கலரில் ரவிக்கைத் துணி கேட்டாராம்; மின்ட் என்றால் புதினாதானே, புடவையைத் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று இவர் சந்தையில் சாம்பிள் வாங்கிவிட்டார். இலையைக் கவுண்டரில் வைத்து, இதே நிறம் வேண்டும் என்று நின்றார். நான் எங்கள் துணியைக் காட்டினால், வெளுத்துப்போன துணியை அவர் தலையில் கட்டுகிறேன் என்கிறார்!

கடைசியில் வீடியோ கால் போட்டோம். போனில் அந்த அம்மா முதலில் துணியைப் பார்த்தார், பிறகு கட்டைப் பார்த்தார்.

"அந்தக் கட்ட நீங்களே தொவையல் அரைச்சுத் தின்னுங்க. துணிய அந்த அக்காட்ட வுட்டுருங்க, அவுங்களுக்குத் தெரியுது!"

சாரலில் பார்த்த நிறம்

டியூப் லைட் பொய் சொல்லும். அதனால் புடவையையும் துணியையும் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் குற்றாலத்தில் தண்ணீர் விழும் நாட்களில் தென்காசியில் வெயிலுக்கு எங்கே போவது? சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தேவி என்ற கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் மின்ட் புடவையோடு வந்தது அப்படி ஒரு சாரல் நாளில்தான். ஆவணியில் கல்யாணம். பெண்ணுக்கும் பத்து சொந்தக்காரப் பெண்களுக்கும் ஒரே நிறத்தில் ரவிக்கை. குடைக்கடியில் வைத்துப் பார்த்தோம், அச்சாகப் பொருந்தியது. கடை திறந்து அதுதான் பெரிய ஆர்டர். அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டே கடை சாத்தினேன்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. புடவை ஓரத்தில் எடுத்து வைத்திருந்த நூலை மீதித் துணியில் வைத்துப் பார்த்தேன். நூல் லேசான நீலம், துணி லேசான மஞ்சள். மற்ற தான்களையும் பிரித்தேன். நாலில் இரண்டு வேறு சாய லாட், அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றியவை. அதுதான் நூலோடு சரியாகச் சேர்ந்தது. போனை எடுத்தேன். செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்கக்கா. மண்டபத்துல லைட்டுதான எரியப்போவுது? நாமளே சொல்லி, இருக்க பேரையும் கெடுத்துக்கிடணுமா?"

சூரியகாந்தி வயலில்

தேவிக்குப் போட்டோ எடுக்கப்போவது மண்டபத்தில் அல்ல, நட்டநடு வெயிலில் சூரியகாந்தி வயலில். ஆர்டர் கொடுக்கும்போதே அவள் சொல்லியிருந்தாள். போன் செய்துவிட்டேன். அவள் அம்மா, "என்னம்மா, இப்ப வந்து இப்படிச் சொல்லுதிய?" என்று வைத்துவிட்டார். பயமாகத்தான் இருந்தது. முதலாளியின் சிரிப்பு காதில் கேட்டது. இருந்தாலும் இன்னொரு லாட்டில் பதினோரு துண்டு வெட்டி, மறுநாள் பஸ் ஏறினேன்.

வயல் வரப்பில் தேவி புடவையைத் தோளில் போட்டுக்கொள்ள, நான் துணியை மேலே வைத்தேன். எது புடவை, எது துணி என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பழையதில் இரண்டு தைத்தாகிவிட்டது, ஒன்பது தைக்காமல் இருந்தன. அந்த ஒன்பதையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். தேவியின் அம்மா துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பன்னெண்டாவதா ஒண்ணு வெட்டுங்க, ஒங்க அளவுக்கு. நீங்களும் இதே கலர்லதான் கல்யாணத்துல நிக்கணும்."

அந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தவர்கள் கடை தேடி வந்து நல்ல லாட்டைக் காலி செய்ய, திரும்பி வந்த ஒன்பது துண்டையும் மீதிச் சுருளையும் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸுகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதால், இப்போதெல்லாம் சரக்கு எடுப்பதற்கு முன் அதை ஒரு வாட்டி திட்டும்படி செல்வியிடம் சொல்கிறேன்; அவள் திட்டியதுதான் விற்கிறது.