புளி போட்டு மினுக்கிய தோட்டாக் கூடுகள்

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ரெய்னர்ஸ் லேன் வீட்டில், லைசென்ஸ் எடுத்த துவக்குக்கு நானே தோட்டா செய்துகொண்டிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை, குத்துவிளக்கு மினுக்கிய மிச்சப் புளியில், சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளையும் திரும்ப நிரப்புவதற்காக மினுக்கிக் குசினி மேசையில் காயவைத்திருந்தேன். வன்னியிலிருந்து வந்திருந்த மாமி, என் மனைவியின் தாய், அவற்றைக் கண்டதும் யன்னல் சீலையை இழுத்து மூடினார். எல்லாவற்றையும் அள்ளி அரிசி வாளிக்குள் புதைத்தார்.

"இஞ்ச பயமில்லை மாமி, மான் சுடத்தான்," என்று சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாரம் குறைஞ்ச குண்டுதான் போடுறன். வேகமாப் போகும். மான் நோகாமல் செத்திடும்."

ஊரில் சண்டை நேரம் துவக்குச் சூடுபட்ட மாமியின் மூத்த மகன் அவர் மடியில் கிடந்து, வெகுநேரம் முனகித்தான் இறந்தான். அது தெரிந்திருந்தும் என் வாய் அப்படிப் பேசியது.

மாமி கையில் ஒட்டிய அரிசியைத் தட்டினார்.

"அப்பிடியும் குண்டு இருக்கோ, தம்பி?"