ரோசம்மா வீட்டுப் பசு சினை பிடித்த வருடம்

நஞ்சுக்கொடி

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். பெயர் ரோசம்மா. கணவர் மிக்கேல் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்ப்பவர்.

"டாக்டரய்யா, மாடு கன்னு போட்டு ரெண்டு நாளாச்சு, கொடி விழல. நாத்தம் தாங்க முடியல. கொஞ்சம் வாரியளா?"

ஜெர்சி கலப்புப் பசு, தலையீற்று. கன்று செத்தே பிறந்திருந்தது. தொங்கிய நஞ்சுக்கொடியில் யாரோ செங்கல்லைக் கட்டிவிட்டிருந்தார்கள். கனம் தாங்காமல் கொடி பாதியில் அறுந்து, மிச்சம் உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. கல்லை அவிழ்த்தேன். இழுக்காமல் தானாக வந்ததை மட்டும் எடுத்தேன். கருப்பைக்குள் மாத்திரை வைத்து, பெனிசிலின் ஊசி போட்டேன். காய்ச்சல் இறங்கும்வரை தினமும் சைக்கிளில் போய்வந்தேன். பசு எழுந்து தீனி எடுத்தது.

ரோசம்மா கேட்ட முதல் கேள்வி, "இனி சினை பிடிக்குமாய்யா?"

"மொதல்ல உடம்பு தேறட்டும்மா. என்ன அவசரம்?"

"இது மறுபடி கன்னு போட்டு நல்லாக் கறந்துட்டா, பால் யாவாரமே போதும், தோணிய விட்டுருதேன்னு சொல்லிருக்காக. மாதா மேல ஆணையா சொன்னாக."

என் மனைவி அப்போது நாசரேத்தில் ஆசிரியை. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனால்தான் பார்க்கலாம். ரோசம்மாவின் அவசரம் எனக்குப் புரிந்தது.

பின் இடது காம்பு

பசு பருவத்துக்கு வந்து கத்தியது. பருவத்தில் வடியும் வழும்பு கலங்கலாக இருந்ததால் சினை ஊசி போடாமல், அயோடின் கலவையால் கருப்பையைக் கழுவினேன். அடுத்த பருவத்தில் வழும்பு கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. ஊசி போட்டேன். சினை நிற்கவில்லை. மறுபடியும் போட்டேன். மறுபடியும் பசு கத்தியது. அது கத்தும்போதெல்லாம் ரோசம்மாவின் முகம் வாடிப்போகும்.

அடிமாட்டுத் தரகர் ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏளா, மலட்டு மாட்டுக்குத் தீனி போட்டு என்ன செய்யப்போற? தள்ளிவிடு."

"அவுக வரட்டும் அண்ணாச்சி. அவுக இல்லாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்று அனுப்பிவிட்டு என்னிடம் ஆளனுப்பினார்.

போனேன். கருப்பையில் குறை எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். காப்பி போடுவதற்காக அவர் அடுப்பில் வைத்த அந்தப் பசுவின் பால் திரிந்துபோனது.

"வெக்கமா இருக்குய்யா. இப்பம்லாம் அடிக்கடி இப்படித்தான் திரியுது."

எழுந்து மறுபடி மாட்டிடம் போனேன். ஒவ்வொரு காம்பிலிருந்தும் கறுப்புத் துணிமேல் பீய்ச்சிப் பார்த்தேன். மூன்றில் சுத்தமான பால். பின் இடது காம்பில் மட்டும் தயிர்த்துகள் மாதிரி திப்பி திப்பியாக விழுந்தது. மடியின் அந்தப் பக்கம் அழுத்தினால் கெட்டியாக இருந்தது.

"மாட்டுக்கு இடையில உடம்பு சுட்டுச்சாம்மா?"

"அப்பப்பம் சுடும். ரெண்டு நாள்ல சரியாயிரும்."

மடிநோயின் காய்ச்சலும் விஷமும் கருமுட்டை வெளிவருவதைக் கெடுக்கும். தங்கிய கருவையும் கலைக்கும். நான் கருப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் மடியில் இருந்தது. காம்புக்குள் மருந்து ஏற்றினேன். அந்தக் காம்புப் பாலைக் கொட்டிவிடச் சொன்னேன். தரையில் தினமும் காய்ந்த மணல் போடச் சொன்னேன். மடி சரியாகும்வரை சினை ஊசியைத் தள்ளிப்போட்டேன். அதன்பிறகு போட்ட ஊசிக்குப் பசு கத்தவில்லை.

சினை

கைவிட்டுப் பார்த்து, "சினைதாம்மா" என்று சொன்னதும் ரோசம்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கிடேரிக் கன்று பிறந்தது. நஞ்சுக்கொடி யாரும் தொடாமலே அன்று மத்தியானத்துக்குள் விழுந்தது. மிக்கேல் ஊர் வந்தார். சொன்ன சொல் மாறாமல் தோணியை விட்டார். காலையில் சைக்கிளில் பால்கேனுடன் அவரை மில்லர்புரம் பக்கம் பார்ப்பேன். பசுவையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

இளம் மருத்துவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். சினை நிற்காத மாட்டுக்குக் கையுறையை மாட்டுவதற்கு முன்னால் நாலு காம்பையும் பீய்ச்சிப் பாருங்கள். ஈன்ற நாளிலிருந்து என்னென்ன காய்ச்சல் வந்தது என்று கறக்கிறவரிடம் கேளுங்கள்.

ஒரு சாயங்காலம் மிக்கேல் கடற்கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோணி ஒன்று பாய் விரித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தமுறை கன்றைப் பார்க்கப் போனபோது ரோசம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கன்றைத் தடவியபடியே பேசினார்.

"முன்னால கடல்ல இருந்துக்கிட்டு என்னைய நெனச்சாக. இப்பம் எங்கூட இருந்துக்கிட்டுக் கடல நெனைக்காக. தோணி ஓட்டுற தண்டலுக்கு நானே சொல்லி அனுப்பிட்டேன்யா, இவுகள மறுபடி ஏத்திக்கிடுங்கன்னு. போயிட்டு வரட்டும். வாரதுன்னு ஒண்ணு இருந்தாத்தான அவுக முகத்துல சிரிப்பு இருக்கு."