குங்குமம் வைத்த முதலாளி படம்

ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துபாயில் கட்டடங்கள் போட்டி போட்டு எழும்பிய காலம். எவ்வளவு டைல்ஸ் செய்தாலும் போதவில்லை. சூளை அணைந்ததே இல்லை.

கம்பெனியைத் தொடங்கியவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்காரர். சூளை வாசலுக்கு மேலே தாடியும் கோட்டுமாகப் படத்தில் இருப்பார். வருஷா வருஷம் அவர் பிறந்தநாளன்று எங்களை முற்றத்தில் உட்கார வைத்து, அவர் வாழ்க்கைக் கதையை மைக்கில் வாசிப்பார்கள். தமிழில் மாற்றி வாசிப்பது ஸ்டோர் கிளார்க்கான என் தலையில் விழுந்தது. ஏழைக் குயவர் மகன். சின்ன வயதில் சூளை வெக்கையில் மயங்கி விழுந்தவர். பிறகு ஊர் ஊராகத் தொழிற்சாலை கட்டினார். முதலாளி ஆனதும் அவர் போட்ட முதல் உத்தரவு: "தலை சுற்றினால் வெளியே போய் உட்கார். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது."

அந்த வரிக்கு மட்டும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

என் ரூமில் இருந்த பரமக்குடிப் பக்கத்துத் தம்பிக்குச் சூளையில் டூட்டி. ஆயுத பூஜையன்று சூளைக்குப் பொட்டு வைத்தவன், ஏணி போட்டு ஏறி அந்தப் படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். "இவரு வெக்கை தெரிஞ்ச மனுசன்ணே, நம்ம ஆளு" என்றான். வெள்ளைக்காரர் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். யாரும் துடைக்கவில்லை.

அடுத்த கோடையில் ஒரு மதியம் அவனுக்குத் தலை சுற்றியது. வெளியே வந்து சுவர் நிழலில் உட்கார்ந்தான். சூப்பர்வைசர் "யல்லா, ஜல்தி" என்று கத்தி வேலைக்கு விரட்ட, இவன் படத்தைக் கைகாட்டி, "படா சாப் போலா, பாய்" என்றான், பெரிய முதலாளியே சொல்லியிருக்கிறார் என்று. கேலி செய்கிறான் என மேனேஜரிடம் புகார் போனது. நான் போய்க் கெஞ்சினேன். அது கதை, இது கம்பெனி என்றார் அவர். கலாஸ், அத்தோடு முடிந்தது. விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றிவிட்டார்கள். தங்கை கல்யாணத்தைப் பேசி வைத்துவிட்டு வந்தவன். அவர்களே மைக் வைத்துச் சொன்ன கதையை நம்பியது குற்றமாம்! மனுஷ ஜென்மங்களா இவர்கள்?

அடுத்த பிறந்தநாளுக்கு மேனேஜர் கொடுத்த தாளில் அந்த உத்தரவைக் காணவில்லை. வாசித்துக்கொண்டே வந்தேன். முதலாளி ஆன இடத்தில் ஆத்திரத்தில் நிறுத்திவிட்டேன். முன்வரிசையில் ஒருவர், "தலை சுத்துனா வெளிய போயி உக்காரு" என்றார். பின்னால் இன்னொரு குரல். அப்புறம் மொத்தக் கூட்டமும் சொன்னது: "யாரும் ஏன்னு கேக்கக் கூடாது!"

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. முதலாளியை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து எழுந்து கை தட்டினார். நான் அவர் பக்கம் திரும்பி, அதே வரியை மைக்கிலேயே இங்கிலீஷில் சொன்னேன். தட்டிய கை அப்படியே நின்றது.