தூக்கக் கூடாத பொட்டலம்

எங்கள் வீட்டில் நாயை யாரும் தூக்கக் கூடாது. அக்கா போட்ட சட்டம் அது. முட்டிச் சில்லு விலகி, அறுவை சிகிச்சை முடிந்து வரும் குட்டை நாய்களை மறுபடி நடக்க வைப்பதுதான் அவள் பிழைப்பு. முன்பு இதே வேலையை மனிதர்களுக்குச் செய்துகொண்டிருந்தாள். "மனுஷங்க வலிக்குதுன்னு பொய் சொல்றாங்க, நாய் சொல்லாது" என்று இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

தெருவில் அவளுக்கு முட்டி டாக்டர் என்று பெயர். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும் காரணம் வேறு. கால் வழுக்கக் கூடாதென்று கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு. நாய் தாவி ஏறுமென்று சோபாவையே விற்றுவிட்டாள். நாய்க்கு மெத்தை, கூடப்பிறந்தவளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

பொட்டலம் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் நாய். எங்கே போனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார், அதனால்தான் அந்தப் பெயர். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்திருந்தது. ஆனால் வாரங்கள் போயும் அது அந்தப் பின்னங்காலை ஊன்றி நடக்கவில்லை. அறுவை செய்த கால்நடை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"காலை ஊனலைன்னா தசை வத்திடும். சில்லு மறுபடி விலகும். திரும்பத் திறக்கணும். இதோட இதயம் இன்னொரு தடவை மயக்க மருந்தைத் தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை பாத்து முடிவு பண்ணலாம்."

அக்கா நாயை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தாள். காலை மெல்ல மடக்கி நீட்டினாள். விரலிடுக்கில் வளர்ந்த முடியை வெட்டிவிட்டாள். உட்கார்ந்து எழும் பயிற்சியில் பொட்டலம் நான்கு காலையும் ஒழுங்காக ஊன்றியது. நடக்கச் சொன்னால் மட்டும் ஒரு கால் மேலே போய்விடும், கூடவே ஒரு முனகல். உடனே அக்கா மண்டியிட்டுத் தடவிக் கொடுப்பாள். சில்லின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள்.

"இடத்துலதான் இருக்கு. அப்புறம் என்னடா உனக்கு?"

இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பொட்டலம் கூடத்து மூலையில் அதற்கென்று வைத்த கூண்டுக்குள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான்கு காலும் தரையில். படிக்கட்டில் டிரைவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கால் மேலே போனது.

அக்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஐயோ என் தங்கமே, வலிக்குதா?" என்று டிரைவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"தொடாதீங்க. அது காலைத் தூக்கினா நீங்க அதைத் தூக்குறீங்க. நான் தடவிக் குடுக்கறேன். நாம ரெண்டு பேருந்தான் அதுக்கு நொண்டக் கத்துக்குடுத்திருக்கோம்."

"அது கத்தும்போது மரம் மாதிரி நிக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. மரம் மாதிரித்தான் நிக்கணும்."

அவரைக் கூடத்தின் மறுகோடியில், விரிப்பு முடியும் இடத்தில் நிற்க வைத்தாள். நாயைப் பிடிக்கும் வாரை எடுக்க அடுப்படிக்கு வந்தவள் அங்கே வாசலில் நின்ற என் கையைப் பிடித்தாள்.

"நிஜமாவே வலின்னா, இன்னைக்கு நானே அந்தக் காலைக் கெடுத்துடுவேன்டி."

பொட்டலத்துக்கு மார்பு வாரை மாட்டிக் கீழே விட்டாள். மூன்று காலில் ஒரு எட்டு வைத்தது. பிறகு உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்து அழுதது. வீடே அதிரும்படி அழுதது. டிரைவர் குனியப் போனார்.

"குனியாதீங்க!"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்க மாட்டாமல் பின்வாங்கிப் பின்வாங்கி வாசல் கதவில் போய் முட்டி நின்றார். அந்த நேரம் பார்த்துப் பொட்டலம் எழுந்து அவரை நோக்கி நொண்டத் தொடங்கியது. எனக்குப் பகீரென்றது. விரிப்புக்கும் அவருக்கும் நடுவே இப்போது வெறும் டைல்ஸ். மூன்று காலோடு அதில் வழுக்கினால் முட்டி அவ்வளவுதான்.

வாரைச் சுண்டி இழுத்தால் நாய் நிற்கும், எல்லாம் முதலிலிருந்து. அக்கா இழுக்கவில்லை. வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நாயோடு ஒட்டியபடி குனிந்து நகர்ந்தாள். அவள் உதட்டைக் கடித்திருந்ததை நான் பார்த்தேன்.

விரிப்பின் விளிம்பில் பொட்டலம் நின்றது. டைல்ஸை மோந்து பார்த்தது. ஒரு முன்னங்காலை வைத்தது, வழுக்கியது, எடுத்துக்கொண்டது. யாரும் தூக்க வரவில்லை. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. பிறகு அந்தப் பின்னங்கால் மெல்ல இறங்கியது. விரல் பட்டது. பாதம் பட்டது. அழுத்தி ஊன்றியது.

டக் டக் டக் டக் என்று நகம் தரையில் கேட்டது. நான்கு கால் சத்தம். அக்கா வாய்விட்டு அழுதுவிட்டாள்.

பொட்டலம் அவர் காலடியில் போய் நின்று வாலை ஆட்டியது.

"இப்போ தூக்கலாமாம்மா?" என்று டிரைவர் கேட்டார்.

"வேண்டாம். நீங்க கீழ உக்காருங்க."

அந்தப் பெரிய உடம்பு, கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, முனகி முனகித் தரைக்கு வந்து சேர்ந்தது. பொட்டலம் தானே அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. அவர் அதன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கிளம்பும் நேரத்தில் அவரால் எழ முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. அக்கா ஒரு கக்கத்தில் கை கொடுத்தாள், நான் மறு கக்கத்தில். பொட்டலம் நான்கு காலில் நின்று வேடிக்கை பார்க்க, அன்று எங்கள் வீட்டில் தூக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.