எனக்காகப் பேசிய மாவு மில் ஷோபா

கல்யாணமாகி கோவையிலிருந்து புனே வந்த எனக்கு ஆகுர்டியில் வீடு. எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. பள்ளி விட்டதும் லாரிகளை ஒட்டித்தான் மகளை நடத்திக் கூட்டி வருவேன்.

2005, 2006 வாக்கில் ஒருநாள், தெருவை எப்படிச் சீரமைக்கலாம் என்று மக்களிடமே கேட்க மாநகராட்சி ஒரு கூட்டம் கூட்டியது. நடைபாதை கேட்கப் போனேன். பக்கத்து நாற்காலியில் மாவு மில் நடத்தும் ஷோபா. நடைபாதை வந்தால் மில் வாசலில் வாடிக்கையாளர்கள் வண்டி நிறுத்த முடியாதே என்று எதிர்க்க வந்திருந்தார்.

மைக்கைப் பிடித்ததும், மனப்பாடம் செய்திருந்த மராத்தி எனக்குப் பாதியில் மறந்துபோனது. பின்வரிசையில் சிரித்தார்கள். உட்காரப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார் ஷோபா.

"எனக்கு இந்தியில சொல்லு. நான் மராத்தியில சொல்றேன்."

சொன்னேன். மழைக்காலச் சேறு, மகளின் பையை லாரி உரசிப்போனது, எதையும் விடாமல் அவர் மராத்தியில் சொன்னார். லாரியைச் சொல்லும்போது அவர் குரலே நடுங்கியது. பின்வரிசையில் சிரித்தவர்களே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு அதே மைக்கில், "இதுவரை அவள் பேச்சு, இனி என் பேச்சு" என்று நடைபாதையை எதிர்த்தும் பேசினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எனக்காக ஏன் பேசினீங்க, தாயி?" மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள்.

"நீ வாயே திறக்காம நான் ஜெயிச்சா, நாளைக்கு மில்லுல உன் முகத்தை எப்படிடீ பார்ப்பேன்?"

நடைபாதை வந்தது, மில் வாசலில் மட்டும் வண்டி ஏறச் சரிவோடு.

இப்போதெல்லாம் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் யாராவது என்னை எதிர்த்துப் பேசினால், முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறேன். அவருக்காக எழுந்து பேசும் மனசுதான் எனக்கு இன்னும் வரவில்லை.