உப்புப் போடாத சோறு

அமெரிக்காவில் பொழுது சாயும்போது நம்மூரில் பொழுது விடிகிறது. அங்கே ஆபீசைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் போகிற போக்கில் தட்டிவிடும் மின்னஞ்சல், இங்கே பால் கறக்கிற வேளைக்கு வந்து விழும். அதனால் மாசி பிறந்ததிலிருந்து கலையரசன் கண்ணைத் திறந்ததும் பார்ப்பது செல்போனைத்தான். பல் விளக்குவதுகூட அதற்கப்புறம்தான்.

"அத்த இன்னாடா அப்பிடிப் பாத்துகினே கீற? முட்டையா அது, அடகாக்கறதுக்கு?" என்பாள் அவன் அம்மா சின்னப்பொண்ணு, மாட்டுக்குத் தவிடு கரைத்தபடி.

"வரும்மா. இந்த மாசத்துக்குள்ள வந்துரும்."

"வந்தா சரி. மூஞ்சியக் கழுவு."

ஓ.எம்.ஆர். சாலைக்கும் ஈ.சி.ஆர். சாலைக்கும் நடுவில், திருப்போரூரிலிருந்து கிழக்கே போனால் அவர்கள் ஊர். ஒரு காலத்தில் மூன்று போகம் விளைந்தது என்று சொல்லிக்கொள்வார்கள். இப்போது எல்லைக்கல் நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட் பிளாட்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கலையரசன் அங்கிருந்து திருப்போரூர் வந்து, பஸ் பிடித்துச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு வேலைக்குப் போய்வந்தான். உதவிப் பேராசிரியர் என்று கழுத்தில் தொங்கும் அட்டை சொல்லும். சம்பளத்தைக் கேட்டால் அந்த அட்டைக்கே வெட்கமாக இருக்கும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இந்த வருஷம் கிடைக்காவிட்டால் அந்த ஆசையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தான். மூன்று இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இல்லை என்று சொல்வதில் அமெரிக்காக்காரனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் பத்தியில் நன்றி, அடுத்த பத்தியில் இந்த ஆண்டு போட்டி கடுமை, கடைசியில் வாழ்த்து. இல்லை என்ற சொல்லை எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் என்று நாம்தான் தேட வேண்டும். முதல் கடிதத்தை வாசித்துவிட்டு, இடம் கிடைத்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான் பாவி.

மீதி இருந்தது ஒன்று. அதன் மேல்தான் அவன் உயிரையே வைத்திருந்தான். அங்கிருக்கும் பேராசிரியர் ஒருவர் இவனோடு வீடியோவில் பேசியிருந்தார். கேளம்பாக்கம் உப்பளம், கழிமுகம், ஊருக்குள் போர் போட்டு லாரி லாரியாக உறிஞ்சுகிற தண்ணீர் என்று எல்லாம் விசாரித்தார். கடைசியில் சிரித்தபடியே கைகூட அசைத்தார். பிடிக்காதவனுக்கு யாராவது கையை அசைப்பார்களா?

அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கலையரசன் பார்த்த இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். எஸ்.ஓ.பி. என்பார்கள். நான் யார், என் வாழ்க்கையில் எது என்னை இந்தப் படிப்புக்கு இழுத்துவந்தது என்று மனசைத் திறந்து இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மனசைத் திறந்து எழுத எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆகவே அதற்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். எங்கும் இதுதான் வழக்கம். பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் பேராசிரியர், "நீயே எய்தி எட்துகினு வாய்யா, கையெழுத்து போட்டுடறேன்" என்பார். துறைத்தலைவர் சுப்புராமனும் கலையரசனிடம் அப்படித்தான் சொன்னார். தன்னைத் தானே புகழ்ந்து, கூச்சத்தோடு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கலையரசனுக்கு எழுத்து கைவந்தது. முதலில் துறைத்தலைவரின் அக்கா மகனுக்கு எழுதினான். அவனுக்கு இடம் கிடைத்தது. பிறகு வரிசையாக வந்தார்கள். கலை சார் கையால் எழுதினால் சீட் உறுதி என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. கோயம்பேட்டிலிருந்து பெங்களூர் பஸ்ஸுக்கு ஆளைப் பிடித்து ஏற்றிவிடுகிறவன் பெங்களூரைப் பார்த்திருக்க மாட்டான். கலையரசனும் அப்படித்தான் இருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆதித்யா வந்தான். நாவலூரில் அடுக்குமாடி வீடு, அம்மா வங்கி அதிகாரி, நல்ல பையன்.

"எனக்கு எழுத ஒன்னுமே இல்ல சார். ஸ்கூல், டியூஷன், காலேஜ். என் லைஃப்ல வேற எதுவும் நடக்கல சார்" என்றான். பொய் பேசத் தெரியாத பிள்ளை.

அப்போது கலையரசனின் அப்பா அப்பாசாமி பக்கவாதத்தில் படுத்திருந்தார். அம்மா ஒருத்தியாக அவரையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி நமக்கு ஏது அமெரிக்கா என்று அவன் தலை முழுகியிருந்த நேரம். தனக்கென்று எழுதி வைத்திருந்த கட்டுரையைத் திறந்தான். பெயரை மாற்றினான். அப்படியே ஆதித்யாவுக்குக் கொடுத்துவிட்டான். தாராள மனசு என்று சொல்ல முடியாது. இது எடுபடுகிறதா பார்ப்போம் என்ற நப்பாசையும் அதில் இருந்தது.

அந்தக் கட்டுரை இப்படித் தொடங்கும். என் அம்மாவின் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாக மாறிய கோடையில் அது வந்தது. ஒரு நாள் அப்பா வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். சோற்றில் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறாய் என்று தட்டைத் தூக்கி வீசினார். அம்மா உலையில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை.

நடந்தது நடந்தபடி. வீட்டு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பையன் கலையரசன். ஆதித்யாவின் அம்மா நெற்றியில் பொட்டைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. அவர்கள் வீட்டில் கேன் தண்ணீர்.

எடுபட்டது. உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆதித்யா ஸ்வீட் பாக்ஸோடு வந்து காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான்.

போன வருஷம் அப்பாசாமி இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்தபின் கலையரசனுக்குள் பழைய ஆசை மறுபடி தலைதூக்கியது. சொந்தமில்லாதவன் கையில் இருந்தபோதே கதவைத் திறந்த கதை, சொந்தக்காரன் கையில் எப்படித் திறக்கும் என்று கணக்குப் போட்டான். ஆதித்யா போன அதே பல்கலைக்கழகம். அதே தொடக்கம். வார்த்தையை மாற்றிப் பார்த்தான், எடுப்பாக இல்லை. பழையபடியே விட்டுவிட்டான். என் வாழ்க்கையை நானே எழுதுவதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தான். இதைவிட வெள்ளந்தியான நினைப்பு இருக்க முடியாது. கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற கணினிக்கு வாழ்க்கை தெரியாது, வரிதான் தெரியும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் அவன்.

பங்குனி பாதியில் ஒரு நாள் காலை திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மின்னஞ்சல் வந்தது. அங்கிருந்துதான். திறந்தான். நன்றியும் இல்லை, வாழ்த்தும் இல்லை. உங்கள் கட்டுரையின் பெரும்பகுதி, எங்களிடம் முன்பு வந்த வேறொரு மாணவரின் கட்டுரையோடு ஒத்துப்போகிறது. அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று காட்டுவதை நாங்கள் ஏற்பதில்லை. விளக்கம் சொல்ல விரும்பினால் இந்த வாரத்துக்குள் ஆதாரத்தோடு எழுதலாம்.

செங்கல்பட்டு பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி, காட்டுச் சாலையில் போகும்போது மறுபடி வாசித்தான். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி வாசலில் இறங்கும்போது சிரிப்பு நின்றிருந்தது. அன்று என்ன பாடம் நடத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் திருப்போரூரில் இறங்கியதும் ஆதித்யாவுக்கு போன் போட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"சார்! எப்படி இருக்கீங்க? அப்ளிகேஷன் என்னாச்சு?"

கலையரசன் சொன்னான்.

"அதையேவா சார் அனுப்பினீங்க?"

"அது எங்க வூட்டுக் கதைடா."

"எனக்குத் தெரியும் சார். ஆனா இங்க எல்லாருக்கும் அது எங்க வீட்டுக் கதை. போன வருஷம் அம்மா வந்திருந்தாங்கல்ல, என் ப்ரொஃபசர் அவங்க கையப் புடிச்சிக்கிட்டுக் கண் கலங்கிட்டாரு. அம்மா பாவம், ஒன்னும் புரியாம சிரிச்சாங்க. பொட்டு பெருசா வெச்சிருந்தாங்க, அதனால தழும்பு மறைஞ்சிருக்குன்னு நெனச்சிக்கிட்டாரு போல."

கலையரசன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"உண்மையச் சொன்னா என்னைய அனுப்பிடுவாங்க சார். நான் வேணா ஒன்னு பண்றேன். நீங்க என்னோட சார், எங்க ஃபேமிலிய நல்லாத் தெரியும், அந்தக் கதைய எழுதிக்க நான்தான் பர்மிஷன் கொடுத்தேன்னு ஒரு மெயில் போடறேன். யூஸ் ஆகுமா சார்?"

நக்கல் இல்லை. மனசார உதவத்தான் கேட்டான். அதைத்தான் கலையரசனால் பொறுக்க முடியவில்லை. என் அம்மா வாங்கிய அடியை எழுத இவன் எனக்கு அனுமதி கொடுக்கிறானாம். போனைத் துண்டித்துவிட்டு, வருகிற ஷேர் ஆட்டோவையெல்லாம் விட்டுவிட்டு நடந்தான். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. எழுதிவிடுவது. எழுதிக் கொடுத்ததையும் சொல்லிவிடுவது. அந்தப் பையன் சீட் போனால் போகட்டும், என் பிழைப்பு நாறினால் நாறட்டும். ஆதாரம் கேட்கிறார்களா? ஆதாரம் வீட்டில் மாடு கறந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்குப் போனபோது சின்னப்பொண்ணு பால் சொம்போடு கொட்டகையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"எம்மா, அப்பிடியே நில்லு. முடிய ஒதுக்கு. நெத்திய ஒரு போட்டோ எடுக்கணும்."

"நெத்தியையா? இன்னாத்துக்குடா?"

"அமெரிக்காவுக்கு அனுப்பணும். கேட்கறாங்க."

"எந் நெத்திய எதுக்குடா அவங்க கேக்குறாங்க?"

செல்போனைப் பிடித்தபடியே சொன்னான். எழுதியது, ஆதித்யாவுக்குக் கொடுத்தது, அவன் தன் அம்மா என்று சொல்லிக்கொண்டது, அதை நம்பி அவனுடைய பேராசிரியர் கண் கலங்கியது, இப்போது தன்னைத் திருடன் என்கிறார்கள் என்பது, எல்லாம். அவள் பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கதைய எய்தின?"

"அந்தச் சோத்துக் கதைதாம்மா. கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சே, அப்ப... அப்பா தட்ட வுட்டெறிஞ்சாரே."

"அதுவா?"

"அதான்."

"நெத்தி ஒடஞ்சி ரத்தம் ஊத்துச்சே, அதுவுமா?"

"அதான்மா மொத வரியே."

சின்னப்பொண்ணு அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் அவளிடம் கண்டதில்லை. அப்பாவைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"மாடு முட்டிடுச்சின்னு சொல்லிகினு கீறேன்டா நானு. இந்த ஊர்ல ஒருத்திக்குத் தெரியாது. எங்க அம்மா சாவற வரிக்கும் அவகிட்டகூட சொல்லல. படுத்த படுக்கையா கெடந்த மனுசனுக்கு பீ மூத்திரம் அள்ளிப் போட்டேனே, அப்பக்கூட வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ எய்தி அவனுக்குக் குட்த்த. அவன் அத்த வெச்சி சீட்டு வாங்கிகினான். அவங்கம்மாவுக்கு எவனோ வெள்ளக்காரன் கண்ணு கலங்குறான். இப்ப நீ போட்டோ புடிக்க வந்துட்ட. அடி வாங்குனவ நானு. எவனாவது என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களாடா?"

முந்தானையை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கலையரசன் கேட்டதில்லை. முதன்முதலில் தனக்கென்று அந்தக் கட்டுரையை எழுதிய நாளிலும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாரம் முடிந்தது. அமெரிக்காவுக்கு அவன் பதில் எழுதவில்லை.